அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கிட்னி மாற்ற வேண்டுமா? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றினோம். கொடுத்தது அவருடைய தம்பி, எங்கள் மாமா. அதற்குப் பிறகு களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று யார் யாரோ என் இலக்கத்தை வாங்கி அழைக்கிறார்கள், கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். இரவில் ஒரு மகன் அழுதுகொண்டு கேட்கும்போது போனில் அரைகுறையாகத்தான் சொல்ல வருகிறது, அதனால் எழுதியே வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து, அளவு, ஒப்பரேஷன் செய்யலாமா கூடாதா என்பதெல்லாம் உங்கள் சிறுநீரக வைத்திய நிபுணர் சொல்ல வேண்டியவை. நான் சொல்வது கடதாசி, காசு, பயணம், சொந்தபந்தம் பற்றி.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். உடனே கிட்னி மாற்ற வேண்டுமா?

உடனே என்று இல்லை. டயாலிசிஸ், அதாவது மெஷினால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது, ஆளைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் வாரத்தில் 2 அல்லது 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணித்தியாலம் அளவில் மெஷினோடு இருக்க வேண்டும். உடம்புக்கு ஏற்றவர் என்றால் மாற்றுவதுதான் நல்ல வழி என்று வைத்தியர்களே சொல்வார்கள். எல்லோரும் ஏற்றவர் இல்லை. இருதயம் பலவீனமாக இருந்தால், அடங்காத கிருமித்தொற்று இருந்தால், புற்றுநோய் இருந்தால் மறுப்பார்கள் அல்லது தள்ளி வைப்பார்கள். எங்களுக்குப் பல் வைத்தியரிடம் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டு வரச் சொன்னார்கள். கிட்னிக்கும் பல்லுக்கும் என்ன என்று அம்மா கோபப்பட்டார். புதுக் கிட்னியை உடம்பு தள்ளாமல் இருக்க, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து தொடங்கிய பிறகு அந்தச் சின்னச் சீழ்கூட உயிருக்கு ஆபத்தாகலாம், காரணம் அதுதான்.

இடைப்பட்ட காலத்தில் கவனிக்க இரண்டு விஷயம். பிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது) வைத்த கையில் இரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ யாரையும் விடாதீர்கள், பாரமும் தூக்க விடாதீர்கள். காமரங்காயை வீட்டுப் பக்கமே எடுக்காதீர்கள், குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலத் தெரியும் அந்தப் பழம் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. இளநீரும் அப்படித்தான், பொட்டாசியம் கூடும். வெயிலில் வந்த நோயாளிக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது நம்மூர்ப் பாசம், இங்கே அந்தப் பாசம் ஆளையே கொண்டுபோய்விடும்.

எங்கே செய்கிறார்கள்?

கிளினிக்கும் டயாலிசிஸும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் நடக்கும். மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு இந்தப் பக்கத்து ஆட்களைப் பெரும்பாலும் கண்டிக்கு அல்லது கொழும்புக்கு அனுப்புகிறார்கள். கொழும்பில் தேசிய வைத்தியசாலையும், சிறுநீரகத்துக்கென்றே மாளிகாவத்தையில் ஒரு நிறுவனமும் உண்டு. பொலன்னறுவையில் சீன உதவியோடு கட்டிய சிறுநீரக வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது. எதற்குப் போவது என்பதை ஊரார் பேச்சை வைத்து முடிவெடுக்காமல் உங்கள் நிபுணரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கடிதம் இல்லாமல் நேரே போய் நின்றால் ஒரு நாளும் பஸ் காசும் வீண்.

எவ்வளவு காசு சேர்க்க வேண்டும்?

இதற்கு ஊரில் கிடைக்கும் பதில் எல்லாம் தனியார் ஆஸ்பத்திரிக் கணக்கு. யாரோ ஒருவர் பல இலட்சம் என்று சொல்ல, அதைக் கேட்ட குடும்பம் வயலை விற்க ஆள் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குக் கட்டணம் இல்லை, வாட்டுக்கு இல்லை, வைத்தியருக்கும் இல்லை.

காசு தேவைதான், ஆனால் அது போகிற இடம் வேறு. முதலாவது பரிசோதனைகள். சில இரத்தப் பரிசோதனைகள் வெளியே செய்து வரச் சொல்வார்கள், அது நோயாளிக்கு மட்டும் இல்லை, கொடுப்பவருக்கும் சேர்த்து. கொடுக்க முன்வந்த முதல் ஆள் பொருந்தாமல் போனால் அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது, தங்கும் இடம். ஒப்பரேஷன் முடிந்து வாட்டை விட்டு வந்தாலும் முதல் சில மாதம் கிளினிக்குக்கு அடிக்கடி போக வேண்டும், மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ புதுக் கிட்னியோடு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போய்வர முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை, தனிக் குளியலறையோடு, வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டும். அறைக்கு முற்பணமும் கேட்பார்கள்.

மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொடுத்தவர் வேலைக்குப் போகாத நாட்கள், பார்த்துக்கொள்பவர் வேலைக்குப் போகாத நாட்கள். எங்கள் மாமா மேசன். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்றால் மேசன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? சேர்த்த காசில் முதலில் எடுத்து வைத்தது மாமா வீட்டுச் செலவுக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து, கொடுப்பவர் கேட்க மாட்டார், நீங்களாகத்தான் வைக்க வேண்டும்.

நாலாவது மருந்து, அது ஆயுள் முழுக்க. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன் என்று மூன்று பெயரும் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். கிளினிக்கில் இலவசம், ஆனால் ஸ்டொக் முடிந்த மாதத்தில் வெளிப் பாமசியில் வாங்க வேண்டி வரும், அப்போது 'காசு இல்லை, இரண்டு நாள் பிந்திப் போடுவோம்' என்ற பேச்சுக்கே இடம் இல்லை. நான் பார்த்த குடும்பங்கள் பல, ஒப்பரேஷனுக்கென்று ஓடியோடிச் சேர்த்து முதல் சில மாதத்திலேயே எல்லாவற்றையும் கரைத்துவிட்டு, இரண்டாம் வருடம் மருந்துக்குத் தவிக்கின்றன. அந்த நேரம் ஊரும் திரும்பிப் பார்க்காது, அதுதான் ஒப்பரேஷன் முடிந்துவிட்டதே என்பார்கள். அதனால் உதவி கேட்கும்போதே ஒரு வருட மருந்துக்கும் சேர்த்துக் கேளுங்கள், அந்தக் காசைத் தனிக் கணக்கில் போட்டுக் கையை வைக்காதீர்கள்.

யார் கொடுக்கலாம்?

வளர்ந்த ஆளாக இருக்க வேண்டும், இரண்டு கிட்னியும் சுகமாக இருக்க வேண்டும், சீனி வருத்தம் இருக்கக் கூடாது. இரத்த வகை பார்ப்பார்கள்: ஓ எல்லோருக்கும் கொடுக்கலாம், ஏபி யாரிடமும் வாங்கலாம், ஏ தன் வகைக்கும் ஏபிக்கும், பி அதேபோல. பிளஸ், மைனஸ் இதில் ஒரு பிரச்சினை இல்லை, 'அவன் மைனஸ், சரிவராது' என்று வீட்டிலேயே ஆளை விலக்கிவிடாதீர்கள்.

அடுத்தது திசுப் பொருத்தம். பிள்ளை என்றால் எப்போதும் பாதி பொருந்தும். கூடப்பிறந்தவர் என்றால் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நாலில் இரண்டு, ஒன்றுமே பொருந்தாமல் போகவும் நாலில் ஒன்று. திசு அவ்வளவு பொருந்தாவிட்டாலும், இப்போதைய மருந்துகளோடு கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் கொடுத்து நன்றாக இருக்கிறார்கள்.

கடைசியில் வருவது கிரொஸ் மெட்ச். கொடுப்பவரின் கலங்களோடு நோயாளியின் இரத்தத்தைச் சேர்த்துப் பார்ப்பது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அடிக்கடி இரத்தம் ஏற்றியவர்களுக்கும் வேற்றாளின் கலங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உருவாகியிருக்கலாம், அதனால் எல்லாம் பொருந்தி வந்தும் இந்த இடத்தில் தட்டுப்படும். மாற்றப்போகும் நோயாளிக்கு வைத்தியர்கள் இலேசில் இரத்தம் ஏற்றாமல் ஊசி போட்டு ஹீமோகுளோபினைக் கூட்டப் பார்ப்பது இதனால்தான். 'இரத்தம் ஒரு போத்தல் ஏத்தினா ஆள் தெம்பாயிடும்' என்று வாட்டில் சண்டை பிடிக்காதீர்கள்.

நான் கொடுக்கத் தயார். அம்மா ஒத்துக்கொள்கிறார் இல்லை. என்ன செய்வது?

இதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் அண்ணா கேட்டபோது அம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ இன்னும் ஒரு பிள்ளையக் கையில தூக்கல்ல மனே, உன்ட கிட்னிய வாங்கிட்டு நான் எத்தின வருசத்துக்கு இரிக்கப் போறன்?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. மாமா அடுத்த நாள் சைக்கிளில் வந்து, வாசலில் நின்றபடியே, "அக்கா, நான் பாத்திட்டன், எனக்கும் ஓ தான்" என்றுவிட்டுத் தேத்தண்ணி கேட்டார், பேச்சு அதோடு முடிந்தது.

அம்மாவின் பேச்சில் நியாயமும் இருக்கிறது. 65 வயதுத் தாய்க்கு 23 வயதுப் பிள்ளை கொடுப்பதைப் பல வைத்தியர்களும் யோசித்துத்தான் செய்வார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது, தாய்க்கு வந்த சீனி வருத்தம் நாளைக்குப் பிள்ளைக்கும் வரலாம். அதனால் முதலில் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், அப்பா, பெரியம்மா, சின்னம்மா என்று கேளுங்கள். கேட்கும் முறை முக்கியம். எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார்கள், பிறகு பரிசோதனைக்கு வராமல் ஒளிப்பார்கள், அந்தப் பகை செத்த வீட்டிலும் தீராது. தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்றால் 'சரி' என்று விட்டுவிடுங்கள். கொடுப்பவரை வைத்தியர்கள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள், அந்த இடத்தில் அவர் மனம் மாறினால் மாறட்டும்.

மருமகளைக் கொடுக்கச் சொல்லி நெருக்கும் குடும்பங்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை.

வெளியாள் ஒருவர் காசுக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். இடையில் நிற்கும் தரகர் முற்பணத்தோடு காணாமல் போவார், நீங்கள் பொலிசுக்கும் போக முடியாது. விற்க வருபவர் யார் என்றும் பாருங்கள், கடனில் மூழ்கிய ஒரு தோட்டத் தொழிலாளியோ கூலிக்காரரோதான், பேசிய காசில் பாதிகூட அவர் கைக்குப் போகாது. சொந்தம் இல்லாத ஒருவர் உண்மையாகவே மனமுவந்து கொடுக்க வந்தால் அதற்கு அனுமதி எடுக்கும் வழி தனியாக இருக்கிறது, வைத்தியசாலையே சொல்லித் தரும். தரகர் எதற்கு?

மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னி கிடைக்காதா?

கிடைக்கும், பெயரைப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள், காத்திருப்பவர்கள் அதிகம், கொடுக்கும் குடும்பங்கள் குறைவு. அழைப்பு வந்தால் உடனே புறப்பட வேண்டும், இங்கிருந்து மலை ஏறிப் போவதற்கே பாதி நாள் போய்விடும், வான்காரர் ஒருவரின் இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள்.

சனாதிபதி நிதியத்தில் உதவி எடுப்பது எப்படி?

முன்பு இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், மண்முனையில் இருப்பவர் மண்முனையில், காரைதீவில் இருப்பவர் காரைதீவில். படிவத்தில் ஒரு பகுதியை வைத்திய நிபுணர் நிரப்பிக் கையொப்பமும் முத்திரையும் வைக்க வேண்டும், அதைக் கிளினிக் நாளில் வாங்கிவிடுங்கள், பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பாடு. வருமானத்துக்கு ஜி.எஸ்.ஸின் (கிராம உத்தியோகத்தரின்) கடிதம். சத்திரசிகிச்சைக்கு முன்னாலேயே விண்ணப்பியுங்கள், முடிந்த பிறகு பில்லோடு ஓட வேண்டாம். முழுச் செலவையும் தர மாட்டார்கள், ஒரு பங்குதான், ஆனாலும் அந்தப் பங்கு பெரிது. எல்லாக் கடதாசியிலும் மூன்று போட்டோக்கொப்பி எடுத்து ஒரு பைலில் போட்டு வையுங்கள், ஒரிஜினலை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

மாதக் கொடுப்பனவு உண்டா?

உண்டு. சிறுநீரக நோயாளர் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் கூட்டப்பட்டது. விசாரிக்க வேண்டிய இடம் பிரதேச செயலகம். அம்மாவோ அப்பாவோ தொழில் செய்தவர் என்றால் ஊழியர் சேமலாப நிதியிலும் பாருங்கள், சிகிச்சைக்காக 30 சதவீதத்தை முன்கூட்டியே எடுக்கும் வசதி இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தர் என்றால் அக்ரஹார காப்புறுதி.

ஊரிலும் முகநூலிலும் உதவி கேட்க வெட்கமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

வெட்கம் எல்லோருக்கும் இருக்கும். முதலில் தெரிந்த வட்டத்தில் தொடங்குங்கள்: கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், படித்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள். நோயாளியை நேரில் தெரிந்தவர்கள் கொடுப்பதுதான் கடைசி வரை வரும்.

முகநூலில் போடுவதென்றால் நோயாளியின் சம்மதம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மூக்கில் குழாயோடு, கண் சொருகிக் கிடக்கும் படத்தைத்தான் ஆட்கள் பகிர்வார்கள் என்று ஒரு தம்பி எங்களுக்குச் சொன்னார். அம்மா படுக்கையில் இருந்தபடி, "அந்தப் பச்சைச் சாறிப் படத்தப் போடுங்க, சின்னவளின்ட கலியாணத்தில எடுத்தது" என்றார். அதைத்தான் போட்டோம், உதவி குறைந்ததாகத் தெரியவில்லை.

பதிவில் எழுத வேண்டியது: பெயர், ஊர், எந்த வைத்தியசாலைக் கிளினிக், கொடுப்பவர் கிடைத்துவிட்டாரா, காசு எதற்கு எதற்கு, மொத்தம் எவ்வளவு, எந்தத் திகதியோடு சேர்ப்பதை நிறுத்துவீர்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம், வைத்திய அறிக்கையின் முழுப் படம், வீட்டு முகவரி வேண்டாம். வங்கிக் கணக்கு நோயாளியின் பெயரில் அல்லது வாழ்க்கைத் துணையின் பெயரில் இருக்கட்டும், முடிந்தால் இருவர் கையொப்பம் வைத்தால்தான் எடுக்கலாம் என்று வையுங்கள். ஜி.எஸ். கடிதத்தையும் காட்டுங்கள். கணக்கு இலக்கத்தை நோயாளியின் படத்துக்கு நடுவில் பெரிதாக, முகத்துக்குக் குறுக்கே எழுதுங்கள். உங்கள் படத்தை எடுத்துக் கீழே இருக்கும் இலக்கத்தை மட்டும் வெட்டித் தன் இலக்கத்தை ஒட்டும் திருடர்கள் இருக்கிறார்கள். இன்னொரு கூட்டம் போன் எடுத்து, 'ஒரு டிரஸ்டிலிருந்து பேசுகிறோம், அம்மாவின் கணக்குக்கு ஐந்து இலட்சம் போடப் போகிறோம், போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தைச் சொல்லுங்கள்' என்பார்கள். சொன்னால் இருந்த காசும் போய்விடும்.

கணக்கைக் கிழமைக்கு ஒரு தடவை எழுதுங்கள். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். 'அவன் தாயின்ட பேரில புது மோட்டர் சைக்கிள் எடுத்திட்டான்' என்ற கதை ஒன்று கிளம்பினால், அடுத்து உதவி கேட்கும் குடும்பத்துக்கும் அது இடி.

வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பும் காசு?

சுவிஸ், கனடா, லண்டனிலிருந்து வருவதை வங்கி வழியாகவே எடுங்கள். உண்டியல் வழி, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் அனுப்பினால், கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், ஆனால் எழுத்தில் ஒன்றும் இருக்காது, பிறகு கணக்குக் காட்ட முடியாது. அங்கே இருப்பவர்கள் குளிருக்குள் இரண்டு வேலை செய்துதான் அனுப்புகிறார்கள், ஒப்பரேஷன் முடிந்ததும் அம்மாவின் குரலில் இரண்டு வார்த்தை வொய்ஸ் போட்டு அனுப்புங்கள்.

எங்கள் மார்க்கத்தில் கூடுமா?

சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகடமி 1988இல் நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறது, விற்பதைத் தடுத்திருக்கிறது. மனதில் சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்படித் தடை சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை, நேர்த்தி வைப்பதுதான் நடக்கும்.

சிங்களம் தெரியாது. அங்கே போய் எப்படிச் சமாளிப்பது?

பெரிய ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த வைத்தியரோ தாதியோ ஒருவர் எங்காவது இருப்பார், ஆனால் இரவில், அவசரத்தில் அவர் இருக்க மாட்டார். சிங்களம் பேசும் ஒரு சொந்தக்காரரையோ நண்பரையோ போனில் ஆயத்தமாக வைத்திருங்கள். 'வலி', 'மூச்சு முட்டுகிறது', 'சிறுநீர் குறைந்துவிட்டது', 'காய்ச்சல்' இந்த நாலையும் சிங்களத்தில் கடதாசியில் எழுதி நோயாளியின் தலைமாட்டில் வையுங்கள். எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த மஹாஓயா அம்மா ஒருவர்தான் முழுக்க உதவினார், அவருக்கும் அதே வருத்தம், எங்கள் அம்மாவுக்கும் அவருக்கும் கைப்பாஷைதான், ஆனால் இருவரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

கொடுத்தவருக்குப் பிறகு என்ன ஆகும்?

மற்றக் கிட்னி கொஞ்சம் பெருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். பெரிய ஆய்வுகளின்படி ஒப்பரேஷனால் கொடுப்பவர் இறக்கும் ஆபத்து 10,000 பேரில் 3 பேர் அளவில்தான், ஆனால் பூச்சியம் இல்லை, அதை அவருக்கு மறைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை பிரஷர், சிறுநீர், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். நோயாளியைச் சுற்றி ஊரே நிற்கும்போது கொடுத்தவர் அடுத்த வாட்டில் தனியே கிடப்பார். அவருக்கென்று ஒரு ஆளை வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எதில் கவனம்?

மருந்து ஒரே நேரத்தில், மணிக்கு மணி. டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் காலையில், எடுத்த பிறகுதான் அன்றைய குளிசை. பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாது, அது அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். நாட்டு மருந்து, கசாயம், வாட்சப்பில் வரும் மூலிகை எதுவும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வயலுக்குள் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இருக்கிறது.

பார்க்க வருபவர்களைச் சமாளிப்பதுதான் ஆகக் கஷ்டம். பிஸ்கட் பெட்டியும் வாழைப்பழமுமாக வானில் வந்து இறங்குவார்கள், அதில் ஒருவர் இருமிக்கொண்டு வருவார், வேண்டாம் என்றால் கோபம். நாங்கள் படலையில் 'மூன்று மாதத்துக்கு ஆட்களைப் பார்க்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்' என்று எழுதிக் கட்டினோம். டொக்டர் பெயரில் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

நவம்பர், டிசம்பர் மழைக்கு முன் கையில் இரண்டு கிழமை மருந்து கூடுதலாக இருக்க வேண்டும். வெள்ளம் வந்து ரோடு அடைபட்டால் கிளினிக் திகதி காத்திருக்கலாம், குளிசை காத்திருக்காது. காய்ச்சல், சிறுநீர் குறைவது, புதுக் கிட்னி வைத்த இடத்தில் நோவு, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரி.

சேர்ந்த காசு மிஞ்சினால்?

பதிவில் மிச்சத்தை அப்படியே போடுங்கள். ஒரு வருட மருந்துக் காசை எடுத்து வைத்த பிறகும் மிஞ்சினால், கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டு, உங்களோடு டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த இன்னொருவரின் கணக்குக்கு மாற்றுங்கள், வங்கி ரசீதையும் போடுங்கள். நாங்கள் ஏறாவூர்ப் பக்கத்து ஒரு வாப்பாவுக்கு அனுப்பினோம். அவருடைய மகன்தான் இப்போது என்னை அதிகமாக அழைப்பவர், இதில் பாதிக் கேள்வி அவருடையது.